பாத்திரக் கடையில் மூட் அவுட்

பாத்திரக் கடையில் வேலை பார்ப்பவருக்கு வாய் இருக்கலாம், கால் இருக்கலாம், மூட் மட்டும் இருக்கவே கூடாது. காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து ராத்திரி இறக்கும்வரை ஒரே முகம்தான். அதுவும் சிரித்த முகம். வருகிறவர்கள் ஒவ்வொரு பாத்திரத்தையும் சுண்டிப் பார்ப்பார்கள், தலைகீழாகக் கவிழ்ப்பார்கள், தட்டில் தங்கள் முகத்தைப் பார்த்துத் தலையைச் சரி செய்துகொண்டு, “வேற டிசைன் இல்லியா?” என்று கேட்பார்கள். டிசைன் என்று அவர்கள் சொல்வது டம்ளரின் விளிம்பில் ஓடும் ஒரு கோட்டைத்தான்.

தொண்ணூறுகளில் தி.நகர் உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு எவர்சில்வர் கடையில் நான் சேல்ஸ் கேர்ள். வீடு அசோக் நகரில். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எனக்கு வலிப்பு வந்துவிட்டது. ஆகவே, வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் பல்லைக் கடித்தவர்களுக்கும், ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் தவறாமல் மாத்திரை போடுகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இரண்டும் உள்ளவர்கள் தயவுசெய்து முன் வரிசைக்கு வாருங்கள்.

கனமான கல்

வேலைக்குச் சேரும்போது வலிப்பு உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சேர்ந்து சில மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையிலிருந்தே அடிவயிற்றில் காரணமில்லாத பயம். யாரோ திட்டப் போகிறார்கள், எதையோ தொலைத்துவிட்டோம் என்கிற மாதிரி. முன் வரிசைக்காரர்களுக்குத் தெரியும், சிலருக்கு இது முன்கூட்டியே வருகிற தந்தி. அன்று மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி தோசைக்கல் வாங்க வந்திருந்தார். இரும்புச் சாமான்கள் இருக்கும் மூலைக்கு அவரை அழைத்துப் போனது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றும் நினைவில்லை.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். வலது கையில் ஒரு இரும்புக் கரண்டி. இடது கையில் ஒரு தோசைத் திருப்பி. நெஞ்சின் மேல் தோசைக்கல். பேக்கிங் பார்க்கும் சண்முகம் அண்ணன் ஒரு பெரிய இரும்புக் கடாயைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்துகொண்டிருந்தார். இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒருக்களித்துப் படுக்க வைத்துக் காத்திருந்தால் பெரும்பாலும் அது தானாக நிற்கும். ஆனால் இரும்புச் சாமான்களுக்கு நடுவிலேயே ஒருத்தி விழுந்தால், ஓடி வருகிறவர்களிடம் அதை யார் போய்ச் சொல்வது? இவ்வளவு உபகரணங்களோடு விழித்த நோயாளி தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மாமி பக்கத்தில் உட்கார்ந்து தன் புடவைத் தலைப்பால் என் வாயைத் துடைத்துவிட்டார். “பயப்படாதே, எல்லாம் சரியாயிடுத்து” என்று தலையைத் தடவினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிறகு நெஞ்சின் மேலிருந்த கல்லை எடுத்தவர், அதைக் கையில் ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கல்லு நன்னா கனமாத்தான் இருக்கு. கொஞ்சம் தெளிஞ்சு எழுந்துண்டதும் இதையே பில் போடச் சொல்லுடிம்மா.”

அண்டாவும் நானும்

வலிப்பு வந்து போவது ஓரிரண்டு நிமிஷம். அதற்கப்புறம் வருகிற வெட்கம் இருக்கிறதே, அது மயிலாப்பூர்ப் பங்குனித் திருவிழா மாதிரி. கொடியேற்றி, தேர் இழுத்து, மாட வீதி நான்கையும் சுற்றிவிட்டு நிதானமாகத்தான் போகும். யார் யார் பார்த்தார்கள், புடவை விலகியதா, வாயில் நுரை வந்ததா, ஏதாவது உளறினேனா என்று ராத்திரி முழுக்க ஒரே யோசனை. வேலை போய்விட்டது என்று நானே முடிவு செய்துகொண்டு, மறுநாள் என் சாப்பாட்டு டப்பாவையும் குடையையும் எடுத்துப் போகத்தான் கடைக்குப் போனேன்.

முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்போம். கல்லாவில் உட்கார்ந்திருந்தவர், நான் குடையும் கையுமாகத் திரும்பி நடப்பதைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டார். “நேத்து நடந்ததுக்கு… நானே நின்னுக்கறேன் அண்ணாச்சி” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். இனி நான் ஏணியில் ஏறக் கூடாது, மாடிக்குப் பித்தளை எடுக்கப் போகக் கூடாது, கீழே டம்ளர், ஸ்பூன் பக்கமே நிற்க வேண்டும் என்றார். நான் நம்பாமல் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தத் தீர்ப்பு வந்தது:

“நீ விழுந்ததுல ஒரு சாமான் நெளியல. நல்லாருக்க சண்முகம் போன வாரம் இறக்குனதுல ரெண்டு அண்டா சப்பையாப் போச்சி, அவன நான் வீட்டுக்கா அனுப்பிட்டேன்? குடைய வச்சுட்டுப் போயி சோலியப் பாரும்மா.”

ஆடி மாத்திரை

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு டாக்டர் மாத்திரையை மாற்றினார். பாண்டி பஜார் பக்கம் இருந்த அந்த டாக்டர் தலையை நிமிர்த்தாமலே “எத்தனை தடவை வந்தது?” என்று கேட்பார். பதில் சொன்னதும் எழுதுவார். அவ்வளவுதான் எங்கள் உறவு. புது மாத்திரையில் வலிப்பு குறைந்தது. ஆனால் எனக்குள் ஒரு மிளகாய் மண்டி திறந்துவிட்டார்கள். பல் தேய்க்கும்போதே கோபம். பஸ் வந்தால் ஏன் வந்தது என்று கோபம், வராவிட்டால் கேட்கவே வேண்டாம். சில மாத்திரைகள் சிலருக்கு இப்படிச் செய்யும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. என் சுபாவமே கெட்டுப்போய்விட்டதாக நினைத்து வீட்டில் தனியாக உட்கார்ந்து வருத்தப்படுவேன். வருத்தப்படும்போது யாராவது குறுக்கே வந்தால் அவர்கள் மேலும் கோபம்.

அது ஆடித் தள்ளுபடி சமயம். தி.நகரில் நடக்கவே இடம் இருக்காது. தள்ளுபடி போட்ட விலையில் இன்னும் தள்ளச் சொல்லி ஒரு அம்மாள் இட்லிப் பானையை வைத்துக்கொண்டு என்னோடு மல்லுக்கு நின்றார். மற்ற நாளாக இருந்தால் சிரித்து மழுப்பியிருப்பேன். அன்று அவரை ஒரு பார்வைதான் பார்த்தேன். வாயே திறக்கவில்லை. அவர் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தி, பானையை எடுத்துக்கொண்டு நேராகப் பில் போடும் இடத்துக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் நின்றிருந்தவர்களும் மறுபேச்சில்லாமல் வரிசையில் போனார்கள். அடுத்த நாளிலிருந்து பேரம் பேசுகிறவர்களை எல்லாம் அண்ணாச்சி சைகை காட்டி என் பக்கமே திருப்பிவிட ஆரம்பித்தார். “அண்ணாச்சி, இது மாத்திரையோட வேலை. டாக்டர்கிட்ட சொல்லி மாத்தப் போறேன்” என்று அவரிடம் போய்ச் சொன்னேன். பதறிப்போய்விட்டார்.

“மாத்தலாம்மா, மாத்தாம எப்படி? ஆடி முடிஞ்சதும் மொத வேலையா மாத்திருவோம்!”

சீர்வரிசைக் கண்ணீர்

கோபம் போனால் அழுகை. எனக்கு வலிப்பு வந்து போன பிறகு இரண்டு மூன்று நாள் கண்ணுக்குள் யாரோ குழாயைச் சரியாக மூடாமல் போன மாதிரி இருக்கும். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி, மனசு ஈரச் சாக்கு. அந்த நிலையில் ஒரு நாள் வேலைக்கு வந்துவிட்டேன். வந்தது ஒரு கல்யாணக் கோஷ்டி. பெண்ணுக்குச் சீர்ப் பாத்திரம் வாங்க அப்பா, அம்மா, கல்யாணப் பெண் எல்லோரும் வந்திருந்தார்கள். குடம், தாம்பாளம், சம்படம் என்று வரிசையாக எடுத்து வைத்தேன். எல்லாவற்றிலும் பெண்ணின் பெயரை வெட்டச் சொன்னார்கள். மெஷின் ‘கிர்ர்’ என்று ஓடி ஒரு சின்னக் கிண்ணத்தில் அந்தப் பெயர் வந்ததும் எனக்குப் பொலபொலவென்று வந்துவிட்டது. ஏன் என்று இன்றுவரை தெரியாது. பெயர்கூட சாதாரணப் பெயர்தான்.

கல்யாணப் பெண் என்னைப் பார்த்தாள். அவளும் அழுதாள். அவள் அம்மா அழுதார். துணைக்கு வந்த அத்தை, காரணம் கேட்காமலே கலந்துகொண்டார். பக்கத்தில் குக்கர் கேஸ்கட் வாங்க வந்தவர் ஏதோ துக்கம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு முகத்தைத் துடைத்தேன். பெண்ணின் அப்பா மட்டும் அழாமல் நின்றார். தோளில் கிடந்த துண்டால் மூக்கை ஒரு தரம் சிந்திவிட்டு, கரகரத்த குரலில் என்னிடம் சொன்னார்:

“வீட்டுல ஒருத்தரும் இதுவரைக்கும் அழலியேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குறை இருந்துதும்மா. நீ ஆரம்பிச்சு வச்ச. அந்தப் பெரிய குத்துவிளக்கையும் சேர்த்துப் போடு.”

வெள்ளைக் கோட்டு

இந்தத் துணுக்கில் சிரிப்பு கொஞ்சம் குறைவு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மழைக் காலத்தில் எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. வலிப்புகூட வரவில்லை. அதனால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். நான் மட்டும் காலையில் எழுந்து தலை வாரக்கூட மனமில்லாமல் உட்கார்ந்திருப்பேன். பிடித்த குழம்பு வைத்தாலும் மண்ணைத் தின்கிற மாதிரி இருந்தது. ராத்திரி படுத்தால், இப்படியே தூங்கிப்போய்விட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றும். அப்படித் தோன்றுகிறது என்று யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. வலிப்பு வரவில்லை அல்லவா, பிறகென்ன குறை?

கண்டுபிடித்தது சகாயமேரி. என் பக்கத்துக் கவுன்டரில் டிபன் கேரியர் விற்பவள். நான் அவளோடு சண்டை போட்டுப் பல நாள் ஆகிவிட்டது என்பதுதான் அவளுக்குக் கிடைத்த துப்பு. ஒரு விடுமுறை நாளில் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடையாறில் அவளுக்குத் தெரிந்த ஒரு டாக்டரம்மாவிடம் போனாள். நான் உட்கார்ந்ததும் வழக்கம்போல, “ரொம்ப நாளா வரல டாக்டர்” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அது வர்ற நாள் கொஞ்சம்தானே? மத்த நாள் எல்லாம் எப்படிப் போகுது?” என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை எந்த டாக்டரும் என்னைக் கேட்டதில்லை. வாயைத் திறந்தவள் மூடவில்லை. படுத்தால் தோன்றுகிற நினைப்பு உட்பட எல்லாவற்றையும் கொட்டினேன். வலிப்பு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வருவது ரொம்ப சகஜம், நோயும் காரணம், மாத்திரையும் காரணம், பயந்து பயந்து வாழ்வதும் காரணம், ஆனால் நான் காரணமில்லை என்றார். மாத்திரையை நானாக நிறுத்தவே கூடாது என்று கண்டித்துச் சொல்லி, அவரே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். அங்கேயே மனசு விட்டுப் பேசுவதற்கென்று இருந்த ஒரு அம்மாவிடம் வரச் சொல்லி அனுப்பினார். அந்த நினைப்பு மறுபடி தலை தூக்கினால் பொழுது விடியக் காத்திராமல் யாரையாவது எழுப்பு என்றும் சொன்னார்.

திரும்பி வரும்போது அடையாறு பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் எனக்குப் பசித்தது. மேரியிடம் அதைச் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் முறைத்தாள்.

“மாசக் கணக்கா நானும்தான் ‘என்னடி ஆச்சு’ன்னு கேட்டேன். ‘ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல’ன்னே. அந்தம்மா ஒரு தடவை கேட்டதுக்கு வெளிய இருந்தவங்க எல்லாம் தூங்கிப்போற அளவுக்குப் பேசற. நானும் ஒரு வெள்ளைக் கோட்டு தைச்சுப் போட்டுக்கட்டுமாடி?”

எந்தக் கோபம்?

டாக்டரம்மா என் மூடைப் பற்றிச் சொன்னதை எல்லாம் மேரி கடை முழுக்கப் பரப்பினாள். நல்ல எண்ணம்தான். விளைவுதான் விபரீதம். அன்றிலிருந்து எனக்குச் சொந்தமாக ஒரு உணர்ச்சியும் கிடையாது என்று ஆகிவிட்டது. சத்தமாகச் சிரித்தால், “மாத்திரை போட்டியா?” பேசாமல் இருந்தால் யாராவது முக்காலியைக் கொண்டுவந்து பின்னால் போடுவார்கள். ஒரு தடவை தும்மினேன். ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு நாலு பேர் சுற்றி நின்றார்கள்.

அப்படி ஒரு மத்தியானம் என் டப்பாவைத் திறந்தேன். அம்மா ஆசையாக வறுத்துக் கொடுத்த வஞ்சிரம் துண்டு காணோம். முள் மட்டும் ஒழுங்காகத் திரும்ப வைக்கப்பட்டிருந்தது. சண்முகம் அண்ணன் மூலையில் நின்று ரொம்ப மும்முரமாகச் சணல் சுற்றிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். உடனே ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். ஒருத்தி முக்காலி கொண்டுவந்தாள். மேரி என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். “ஏய், எனக்கு ஒண்ணும் வரல! என் மீனை இவர் தின்னுட்டார்! இது நிஜக் கோபம்!” என்று நான் கத்தக் கத்த, “ஆமாம்மா, நிஜம்தான்மா” என்று என்னை உட்கார வைத்து விசிறினார்கள். நோய் வந்ததற்குக்கூட நான் அவ்வளவு அவமானப்பட்டதில்லை. நோயில்லாத கோபத்தை நம்ப ஆள் இல்லையே! கடைசியில் சண்முகம் அண்ணனே சணலைக் கீழே போட்டுவிட்டு எதிரே வந்து நின்றார்.

“தோ பாரும்மா, இது நெஜக் கோவமா, மாத்திரைக் கோவமா, நீயே சொல்லிடு. மாத்திரைன்னா நின்னு வாங்கிக்கினு போறேன். நெஜம்னா இப்பவே ஓடிப்போயி ஓட்டல்ல மீனு வாங்கியாறேன்.”

(நிஜம் என்றேன். மீனும் வந்தது. ஆறிப்போயிருந்தது.)

கடைக்கே வந்து பெண் பார்த்தவர்

இதற்கிடையில் வீட்டில் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருவார்கள், பஜ்ஜி சாப்பிடுவார்கள், எப்படியோ விஷயம் கசியும், பிறகு ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று தகவல் வரும். ஒவ்வொரு தடவையும் நான் ஒரு வாரம் எழுந்திருக்க மாட்டேன். என்னை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னை யாரும் பார்க்கவே இல்லை என்பதுதான் வலித்தது. என்னைத் தாண்டி அந்த நோயைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் கடைக்கு ஒரு அம்மாள் வந்தார். கையில் நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயில் பிரசாதப் பை. டபரா செட் கேட்டார். கடையில் இருந்த அத்தனை டபராவையும் இறக்க வைத்தார். ஒவ்வொன்றையும் காதருகே வைத்துச் சுண்டினார். நடுநடுவே, “வீட்டுல நீதான் சமைப்பியா? கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்?” என்று விசாரணை வேறு. தி.நகர் கஸ்டமர் என்றால் அப்படித்தான் என்று நானும் பதில் சொன்னேன். கடைசியில் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, “பாரிஸ் கார்னர்ல இதைவிட நல்ல சாமான், பாதி விலை” என்றார். மாத்திரை எல்லாம் எப்போதோ சரியாகியிருந்தது. இது கலப்படமில்லாத என் சொந்தக் கோபம். “அப்ப அங்கேயே வாங்கிக்கோங்க. பஸ் ஸ்டாண்டு இங்க பக்கத்துலதான். இங்க எல்லாத்தையும் காதுல வச்சுக் கேட்டாச்சு, இனிமே அது பாடவா போவுது?” என்றேன். அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நான் யாருன்னு தெரியுமா? ஞாயித்துக்கிழமை உன்னைப் பொண்ணு பாக்க வர்றதா இருக்கே, அந்தப் பையனோட அம்மா” என்றார். பக்கத்துக் கவுன்டரில் மேரியின் கையிலிருந்த கேரியர் அடுக்கு அடுக்காகக் கீழே விழுந்தது.

போனது போயிற்று, மிச்சத்தையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. “அப்படின்னா இதையும் கேட்டுட்டுப் போங்கம்மா. எனக்கு ஃபிட்ஸ் உண்டு. மாத்திரை சாப்பிடறேன். சில நாள் மனசும் சரியா இருக்காது. தரகர் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டார்” என்றேன். அவர் எழுந்து ஓடவில்லை. ஒரு டபராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு யோசித்தார். பிறகு தீர்மானமாகச் சொன்னார்:

“எங்க அண்ணன் பொண்ணுக்கும் அது இருக்கு. ரெண்டு பிள்ளைங்களை வளர்த்துகிட்டு ஜம்முன்னு இருக்கா. அதப் பத்தி எனக்கு ஒரு கவலையும் இல்ல. ஆனா இந்த வாயோட ஒரே வீட்டுல குடித்தனம் பண்ண என்னால ஆவாதும்மா!”

சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். முதன்முறையாக ஒருத்தர் என் நோய்க்காக இல்லாமல் எனக்காகவே என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதில் எவ்வளவு மரியாதை இருக்கிறது என்று அம்மாவுக்கு எப்படிப் புரிய வைப்பது? பிறகு எனக்குக் கல்யாணமும் ஆயிற்று, எல்லாம் தெரிந்த ஒருத்தரோடு, என் வாய்க்கு ஈடு கொடுக்கும் வாயோடு. வலிப்பு இப்போது அபூர்வமாகிவிட்டது. சோர்வு மட்டும் எப்போதாவது வந்து வாசலில் நிற்கும். வந்தால் உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளாமல் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

வலிப்பு வந்தால் ஊரே ஓடி வருகிறது, வருத்தம் வந்தால் மட்டும் நாமேதான் வாயைத் திறந்து கூப்பிட வேண்டியிருக்கிறது.